சைன் அட்டவணைக்குப் பின்னால் பத்து பைட்டுகள்

கமடோர் 64 கணினியை இயக்கியதும் நீலத் திரையில் வரும் முதல் வரியில் நிறுவனத்தின் பெயர், கணினியின் எண், பிறகு 'பேசிக் வி2' ஆகிய மூன்றும் இருக்கும். அடுத்த வரி, நிரல் எழுத 38,911 பைட் இடம் காலியாக இருப்பதாகச் சொல்லும். அந்த பேசிக் என்ற நிரல்மொழியை எழுதியவர் யார் என்பதற்கு ஓர் எழுத்துகூட இல்லை.

பழைய வீட்டுக் கணினிகளின் ரோம் (நிரந்தர நினைவகச் சில்லு) நிரல்களுக்கு அட்டவணை தயாரித்துவரும் எனக்கு இது தொழில்முறைச் சிக்கல். தலைப்புக்கு அடுத்த கட்டம் ஆசிரியர் பெயருக்கு உரியது. அங்கே 'கமடோர்' என்று எழுதிவிட்டு நகரலாம். பல பட்டியல்களில் அப்படித்தான் இருக்கிறது. ஏட்டுச் சுவடியை விற்றவரையே அதை இயற்றிய புலவராகப் பதிவதற்கு ஒப்பான காரியம் அது.

இந்தப் பெயர் ஏன் முக்கியம் என்றால், அன்றைய வீட்டுக் கணினியில் பேசிக்தான் எல்லாமும். கணினியை வாங்கியவருக்குத் தனியாக நிரலாக்கக் கருவி எதுவும் கொடுக்கப்படவில்லை. மின்சாரம் வந்த மறுநொடி ரோம் சில்லிலிருந்து பேசிக் எழுந்து நிற்கும். வட்டிலிருந்து கோப்பை ஏற்றுவதும் அதன் வழியே, விளையாட்டு எழுதுவதும் அதன் வழியே. லட்சக்கணக்கானோர் முதல்முதலாக நிரல் எழுதிய கருவி அது. அதை ஆக்கியவர் பெயர் தெரியாமல் அட்டவணையை மூட எனக்கு மனம் வரவில்லை.

காகிதத்தில் கிடைக்கும் வரலாறு சுருக்கமானது. 1975-இல் ஆல்டேர் கணினிக்காக பில் கேட்ஸ், பால் ஆலன், மான்டி டேவிடாஃப் மூவரும் இன்டெல் 8080 செயலிக்கு ஒரு பேசிக் எழுதினார்கள். அதே ஆண்டு மாஸ் டெக்னாலஜி நிறுவனத்தில் சக் பெடிலின் குழு 6502 என்ற செயலியை 25 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்டெல், மோட்டரோலா சில்லுகளின் விலையோடு ஒப்பிட்டால் அது நம்ப முடியாத மலிவு. 1976-இல் கேட்ஸும் ரிக் வைலண்டும் தங்கள் பேசிக்கை 6502-க்கு மாற்றி எழுதினார்கள். மாஸ் டெக்னாலஜியை விலைக்கு வாங்கிய கமடோர், தன் 'பெட்' கணினிக்காக அந்த பேசிக்கின் உரிமத்தை மொத்தமாக 25,000 டாலர் கொடுத்துப் பெற்றது. பெட் 1977-இல் வந்தது. அதன் வழியில் விக்-20, பிறகு 1982-இல் கமடோர் 64. விற்ற ஒவ்வொரு கணினிக்கும் தனியாகப் பங்கு தரும் ஒப்பந்தமாக அது இல்லாததால், பின்னால் விற்ற லட்சோபலட்சம் கணினிகளால் மைக்ரோசாஃப்டுக்குப் புதிதாக ஒரு காசும் வரவில்லை.

இவை எல்லாம் பிற்கால அறிவிப்புகளும் நினைவுக்குறிப்புகளும் தருபவை. நான் தேடியது அந்தக் காலத்திலேயே சில்லுக்குள் பதிந்துபோன சாட்சியம். எழுதியவர் தன் பெயரை எங்காவது விட்டுச் சென்றிருக்கிறாரா?

முதல் தடயம் கமடோரில் கிடைக்கவில்லை; ஒஹையோ சயன்டிஃபிக் என்ற சிறு நிறுவனத்தின் கணினியில் கிடைத்தது. சேலஞ்சர், சூப்பர்போர்டு என்ற பெயர்களில் அவர்கள் விற்ற கணினிகளிலும் இதே 6502 பேசிக்தான் ரோமில் இருந்தது. அது எழுந்ததும் நினைவகத்தின் அளவு எவ்வளவு என்று கேட்கும். வழக்கமாக அங்கே ஓர் எண்ணைத் தட்ட வேண்டும், அல்லது வெறுமனே ரிட்டர்ன் விசையை அழுத்த வேண்டும். எண்ணுக்குப் பதிலாக 'ஏ' என்ற ஆங்கில எழுத்தைத் தட்டினால், இதை எழுதியவர் ரிச்சர்ட் டபிள்யூ. வைலண்ட் என்று ஒரு வரி வரும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் மீண்டும் அதே கேள்வி. 'ஆத்தர்' என்ற சொல்லின் முதலெழுத்துதான் சாவி என்று ஊகிக்கலாம். கிம்-1 என்ற ஒற்றைப் பலகைக் கணினிக்காக நாடாவில் வந்த ஒன்பது இலக்க பேசிக்கிலும் அதே கேள்விக்கு அதே விடையைக் கொடுத்தால் இரண்டு பெயர்கள் வருகின்றன. வைலண்ட் முன்னால், கேட்ஸ் பின்னால்.

இந்த வரிசையை நான் அழுத்தமாகக் குறித்துக்கொண்டேன். நிறுவனத்தின் முதலாளி கேட்ஸ். ஆங்கில அகரவரிசைப்படி போட்டிருந்தாலும் கேட்ஸ்தான் முன்னால் வந்திருக்க வேண்டும்.

பெட் கணினியில் இந்த வழி அடைபட்டிருந்தது. அது நினைவகத்தின் அளவைக் கேட்பதே இல்லை, தானே அளந்துகொள்கிறது. கேள்வி இல்லாததால் விடைக்கும் இடமில்லை. ஆசிரியர் பெயர் நுழைய இருந்த ஒரே வாசலும் போயிற்று. ஆகவே ரோம் சில்லைத் திறந்து பைட் பைட்டாகப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அங்கேதான் இந்த வேட்டையின் சுவையான பகுதி தொடங்குகிறது.

பேசிக்கில் 'பீக்' என்று ஒரு கட்டளை உண்டு. நினைவகத்தின் ஒரு முகவரியைக் கொடுத்தால் அங்கே இருக்கும் எண்ணைத் திருப்பித் தரும். பெட்டின் முதல் ரோமில், பேசிக் குடியிருக்கும் முகவரிகளை பீக் செய்து பார்த்தால் எந்த முகவரிக்கும் பூஜ்யமே விடை. சில்லு காலியாக இருக்கிறது என்று பொருளில்லை. பீக் கட்டளைக்குள்ளேயே ஒரு காவல் வைத்திருந்தார்கள்: கேட்கும் முகவரி பேசிக்கின் எல்லைக்குள் விழுந்தால் உண்மையான எண்ணை மறைத்துப் பூஜ்யத்தைக் கொடு. பிற்காலத்தில் வெளிவந்த மூல நிரலில் அந்த வரியின் அருகிலேயே, கேட்பவனுக்குப் பூஜ்யத்தை விடையாகக் கொடு என்ற பொருளில் ஒரு குறிப்பும் இருக்கிறது. தன் மொழியை அதே மொழியால் படிக்க முடியாதபடி செய்த பூட்டு அது. நிரல் திருட்டைப் பற்றி 1976-லேயே பகிரங்கக் கடிதம் எழுதிய கேட்ஸின் நிறுவனத்திலிருந்து வந்த நிரல் என்பதை நினைவில் வைத்தால் இதில் வியப்பில்லை.

1979-இல் பெட்டுக்கு வந்த இரண்டாவது ரோமில் அந்தக் காவலைக் காணோம். சோதனைகள் இருந்த இடத்தில் எட்டு பைட்டுகள் வரிசையாக ஒரே எண்: 234. 6502 செயலிக்கு 234 என்றால் 'ஒன்றும் செய்யாதே' என்று அர்த்தம். நிரலைத் திருத்தி மறுபடி தொகுத்திருந்தால் அந்த இடமே மறைந்திருக்கும். எட்டு வெற்றுக் கட்டளைகள் கிடப்பதைப் பார்த்தால், தொகுத்து முடித்த நிரலின் மேல் கைவைத்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிகிறது. பூட்டை உடைத்த தடம் அப்படியே இருக்கிறது.

இதே இரண்டாவது ரோமில் இன்னொரு புதுமையும் வந்தது. நினைவகத்தை நேரடியாகத் திறந்து காட்டவும் திருத்தவும் உதவும் 'மானிட்டர்' என்ற கருவி முதல் பெட்டில் ரோமுக்குள் இல்லை. நாடாவிலிருந்து ஏற்ற வேண்டியிருந்தது. இரண்டாவது ரோமில் அது உள்ளேயே குடியேறியது. 'சிஸ் 1024' என்று தட்டினால் போதும், வந்து நிற்கும். இயந்திர மொழியில் எழுத விரும்பியவர்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். உற்பத்தியாளர் தந்த கையேடுகள் மெலிந்தவை. உண்மையான உதவி பயனர்களிடமிருந்தே வந்தது. டொராண்டோவைச் சேர்ந்த ஜிம் பட்டர்ஃபீல்டின் பெயரை இங்கே சொல்லாமல் போனால் அநியாயம். ரோமின் எந்த முகவரியில் எந்த வேலை நடக்கிறது என்ற வரைபடங்களை அவர் தயாரித்து இதழ்களில் வெளியிட்டார். 'சூப்பர்மான்' என்ற விரிவான மானிட்டரை எல்லோரும் படியெடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாகவே கொடுத்தார். நிறுவனம் செய்திருக்க வேண்டிய வேலையைத் தனிமனிதர் ஒருவர் செய்தார் என்பதே என் கணிப்பு. 2007-இல் அவர் மறையும்வரை கமடோர் நிரலாளர்களுக்கு அவர் சொன்னதே வேதம்.

ஆக, இரண்டாவது ரோமில் பூட்டும் இல்லை, படிக்கும் கருவியும் கூடவே வந்தது. அந்த ரோமில்தான் ஒளித்துவைத்த பெயரும் இருந்தது.

அதை வெளியே கொண்டுவரும் மந்திரம்: வெய்ட் 6502,1.

'வெய்ட்' சாதாரணக் கட்டளை. நினைவகத்தின் ஒரு முகவரியைக் கவனித்துக்கொண்டே இரு, அங்கே குறிப்பிட்ட பிட் மாறும்வரை காத்திரு என்பது அதன் வேலை. 6502 என்ற முகவரியில் தனிச் சிறப்பு ஒன்றும் கிடையாது. செயலியின் பெயர் என்பது மட்டும்தான். ஆனால் இரண்டாவது ரோம் உள்ள பெட்டில் இதைத் தட்டினால் காத்திருப்பு ஏதும் நடக்காது. திரையின் இடது மேல் மூலையில் 'மைக்ரோசாஃப்ட்' என்ற பெயரும் ஓர் ஆச்சரியக்குறியும் தோன்றும். 1-க்குப் பதில் 100 என்று கொடுத்தால் நூறு தடவை. ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்தும் ஒரு குறியும் சேர்ந்து பத்து. நாற்பது பத்திகளும் இருபத்தைந்து வரிகளும் கொண்ட திரையில் ஆயிரம் கட்டங்கள். நூறு தடவை எழுதினால் திரை முழுவதும் அந்தப் பெயர்தான்.

இது பழைய கணினிப் பிரியர்களுக்குப் பழகிய வேடிக்கை. என் கேள்வி வேறு. ரோமில் இருக்கும் எழுத்துகளை எல்லாம் வரிசையாக அச்சிட்டுத் தேடினாலும் 'மைக்ரோசாஃப்ட்' என்ற சொல் எங்கும் தென்படாது. திரையில் வருகிறது என்றால் எங்கிருந்தோ வருகிறது. எங்கே?

சைன் அட்டவணையில். கணினி சைன் மதிப்பைக் கணிக்க ஆறு கெழுக்களை வைத்துக்கொள்கிறது; ஒவ்வொன்றும் ஐந்து பைட்டில் அடங்கும் தசம எண். 6.283, -41.34, 81.6, -76.7, 42.0, -14.38 என்பவை அவற்றின் தோராய மதிப்புகள். ஆறு ஐந்து முப்பது. முப்பது பைட்டில் அட்டவணை முடிய வேண்டும். பெட்டின் இரண்டாவது ரோமில் அது முடிந்த பிறகும் பத்து பைட்டுகள் நீள்கின்றன: 161, 84, 70, 143, 19, 143, 82, 67, 137, 205.

பத்து என்பது இரண்டு ஐந்து. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இன்னும் இரண்டு கெழுக்கள் என்றுதான் படும். இதே சந்தேகத்தோடு நானும் அவற்றைத் தசம எண்களாக மாற்றிப் பார்த்தேன். முதல் ஐந்து பைட்டின் மதிப்பு ஏறக்குறைய 712 கோடி. அடுத்த ஐந்தின் மதிப்பு ஏறக்குறைய 26,914. நூறைக்கூடத் தொடாத ஆறு எண்களின் அருகில் 712 கோடிக்கு என்ன வேலை? சைன் தொடரில் கெழுக்கள் சற்று ஏறி, பிறகு போகப் போகச் சிறுக்கும். இப்படிப் பூதமாக வளர்வதற்குக் கணிதத்தில் நியாயமே இல்லை. கணக்குத் தெரிந்த ஒருவர் இந்த இடத்தைக் கூர்ந்து பார்த்திருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும். ஐந்து பைட் எண்களைக் கையால் மாற்றிப் பார்க்க யாருக்குப் பொறுமை என்ற நம்பிக்கையில்தான் ஒளித்தவர் அந்த இடத்தைத் தேர்ந்திருக்கிறார்.

விடையை வாசகரே காகிதத்தில் போடலாம். ஒவ்வோர் எண்ணையும் 64-ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள்: 33, 20, 6, 15, 19, 15, 18, 3, 9, 13. இப்போது கடைசியிலிருந்து முன்னால் படியுங்கள். பெட்டின் திரைக்குறிகளில் ஆங்கில எழுத்துகளுக்கு ஒன்று முதல் இருபத்தாறு வரை எண்கள். பதின்மூன்றாவது எழுத்து எம். ஒன்பது, ஐ. மூன்று, சி. பதினெட்டு, ஆர். பதினைந்து, ஓ. இப்படியே எஸ், ஓ, எஃப், டி. கடைசி 33 ஆச்சரியக்குறி. 64-ஐயும் 128-ஐயும் அங்கங்கே கூட்டி, வரிசையையும் தலைகீழாக்கிவிட்டதால் தேடுபவர் கண்ணில் படவில்லை.

இதன் ஒன்றுவிட்ட சகோதரன் ஆப்பிளில் இருக்கிறது. ஆப்பிள் 2-க்கு ஸ்டீவ் வாஸ்னியாக் எழுதிய பேசிக்குக்கு முழு எண்கள் மட்டுமே தெரியும். தசமக் கணக்குக்காக ஆப்பிள் நிறுவனம் மைக்ரோசாஃப்டிடம் உரிமம் வாங்கியது. அதுவே ஆப்பிள்சாஃப்ட் பேசிக் ஆனது. டல்லஸிலிருந்து 'ஆப்பிள் அசெம்ப்ளி லைன்' என்ற மாத இதழை நடத்திய பாப் சாண்டர்-செடர்லாஃப், அந்த ரோம் முழுவதையும் பிரித்துக் குறிப்பெழுதியவர். சைன் அட்டவணையின் பின்னால் யாரும் பயன்படுத்தாத பத்து பைட்டுகள் கிடப்பதை அவரும் கண்டார். எண்கள் வேறு: 166, 211, 193, 200, 212, 200, 213, 196, 206, 202. ஒவ்வொன்றையும் 135 என்ற எண்ணோடு 'எக்ஸ்-ஆர்' (பிட் பிட்டாக ஒப்பிட்டு வேறுபாட்டை எடுப்பது) செய்தால் ஆஸ்கி எழுத்துகளாகின்றன; தலைகீழாகப் படித்தால் அதே பெயர், அதே ஆச்சரியக்குறி. கிம்-1 பேசிக்கிலும் இதே பத்து எண்கள்தான்.

ஒரு வேறுபாட்டை இங்கே கவனிக்க வேண்டும். ஆப்பிளில் தரவு மட்டும் இருக்கிறது. அதைத் திரையில் காட்டும் நிரல் இல்லை. எந்தக் கட்டளையைத் தட்டினாலும் அது வெளிவராது. வழக்கு மன்றத்தில் என்றாவது காட்ட வேண்டிவந்தால் எடுத்துக் காட்டுவதற்கான இரகசிய முத்திரை என்றே அதைக் கொள்ள முடிகிறது. கமடோருக்கு மட்டும் தரவின் மறைப்பை மாற்றி, அதைத் திரையில் எழுதும் நிரலையும் சேர்த்திருக்கிறார்கள்.

எந்தப் பதிப்பு எதிலிருந்து பிறந்தது என்ற வம்சாவளியில் எனக்குத் தெளிவு கிடைத்தது மைக்கேல் ஸ்டைலின் வேலையால். 2008-இல் அவர் பெட், ஒஹையோ சயன்டிஃபிக், ஆப்பிள்சாஃப்ட், கிம் முதலான பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, ஒரே பொது மூல நிரலாக மீட்டமைத்தார். இன்டெலிவிஷன் விளையாட்டுக் கருவியின் விசைப்பலகைக்கு வந்த பேசிக்கும் அதில் உண்டு. எந்தப் பதிப்பு வேண்டும் என்று சொன்னால் அசல் ரோமை ஒரு பைட்கூடப் பிசகாமல் அது தரும். சுவடிப் பதிப்பில் பாடபேதங்களை ஒப்பிட்டு மூலப் பாடத்தை நிறுவும் முறையேதான். அந்த முயற்சிக்கு என் அட்டவணை பெரிதும் கடன்பட்டிருக்கிறது.

ஆனால் மீட்டமைத்தது மீட்டமைத்ததுதான். அசலை எழுதியவர் வைத்த பெயர்களும் குறிப்புகளும் அதில் இருக்க முடியாது. அசல் மூல நிரலின் படி ஒன்று பின்னர் வெளிப்பட்டது. 2025 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அதைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது: 6,955 வரிகள், 6502 பேசிக், 8 கே, பதிப்பு 1.1. உரிமை ஆண்டு 1976 என்று தலைப்பில் இருக்கிறது. நிறுவனத்தின் பெயர் ஓரிடத்தில் நடுவில் சிறு கோட்டோடும் இன்னோரிடத்தில் கோடு இல்லாமலும் இருக்கிறது.

முதல் பக்கத்திலேயே ஒரு திருப்பு விசை. அதன் மதிப்பை மாற்றினால் நிரல் வேறு வேறு கணினிகளுக்குத் தொகுக்கப்படும்: 1 என்றால் கிம், 2 ஒஹையோ சயன்டிஃபிக், 3 கமடோர், 4 ஆப்பிள். 0 என்றால்? 6502-ஐப் போல நடிக்கும் பிடிபி-10. அதாவது வீட்டுக் கணினிக்கான இந்தக் கருவியை எழுதியவர்கள் அதை வீட்டுக் கணினியில் எழுதவில்லை. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் பெருங்கணினியான பிடிபி-10-இல், அந்தக் கணினியின் அசெம்ப்ளரையே மேக்ரோக்களால் வளைத்து 6502 மொழி பேச வைத்தார்கள். விளைந்த நிரலை அங்கேயே போலிச் செயலியில் ஓட்டிச் சோதிக்கவும் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அதனால்தான் கட்டளைப் பெயர்கள் மாஸ் டெக்னாலஜியின் கையேட்டில் உள்ளபடி இல்லாமல் சற்று வால் முளைத்து நிற்கின்றன. கணிதப் பகுதியில் எண்கள் எட்டடிமானத்தில் வருகின்றன. பிடிபி-10 பழக்கம்.

நேராக சைன் அட்டவணைக்குப் போனேன். பத்து எண்களும் இருக்கின்றன, எட்டடிமானத்தில், மற்றக் கெழுக்களோடு ஒட்டி. அடுத்து வெய்ட் கட்டளை. மூன்றாவது எண் தரப்படாவிட்டால் நிரல் ஒரு குறியீட்டுப் பெயருக்குத் தாவுகிறது. அந்தப் பெயர், சில வரிகள் தள்ளி இருக்கும் உண்மையான இலக்கின் பெயரேதான். முன்னால் 'இசட்' என்ற எழுத்து மட்டும் கூடுதல். கமடோர் தவிர மற்றக் கணினிகளுக்கு இரண்டு பெயரும் ஒன்று என்று ஒரு வரி அறிவித்துவிடுகிறது. கமடோருக்கு மட்டும் அந்தப் பெயருக்குப் பின்னால் தனி நிரல். முகவரியின் ஒரு பாதி 102-ஆ, மறுபாதி 25-ஆ என்று அது பார்க்கிறது. 25-ஐ 256-ஆல் பெருக்கி 102-ஐக் கூட்டினால் 6502. மூல நிரலைப் படிப்பவர்கூட அந்த இடத்தில் 6502 என்ற எண்ணைக் காண முடியாது. ஒத்துவந்தால் பத்து பைட்டுகளையும் கடைசியிலிருந்து எடுத்து, மேல் பிட்டுகளை வெட்டி, 32768 என்ற முகவரியில் எழுதுகிறது. பெட்டின் திரை தொடங்கும் இடம் அது.

ஓரிடத்தில் மட்டும் நிதானித்தேன். பைட்டுகளை எடுக்கும் வரி இரண்டு வடிவில் எழுதப்பட்டிருக்கிறது: அசெம்ப்ளரின் முதல் சுற்றில் ஏதோ ஒரு பொய் முகவரி, இரண்டாம் சுற்றில்தான் சைன் அட்டவணை. மறைக்கும் தந்திரம் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் முதல் சுற்றில் சைன் அட்டவணையின் முகவரி அசெம்ப்ளருக்குத் தெரியாது. கட்டளைக்கு இரண்டு பைட் ஒதுக்குவதா மூன்று ஒதுக்குவதா என்று அது தீர்மானித்தாக வேண்டும். பெரிய எண் ஒன்றைக் காட்டினால்தான் மூன்று ஒதுக்கும். இது தொழில் தேவை என்றே நினைக்கிறேன். ஒளித்தவர் வேலையை எல்லாம் சதியாகப் படிக்கத் தொடங்கினால் ஆவண ஆய்வு துப்பறியும் நாவலாகிவிடும்.

மூல நிரலில் என்னை அதிகம் ஈர்த்தது ஒளித்துவைத்த பெயரைவிட அதன் தலைப்பில் உள்ள திருத்தக் குறிப்புகள்தான். பிந்தையது மேலே, முந்தையது கீழே. 1977 டிசம்பர் 1: பீக் கட்டளை, போக் கட்டளையின் (நினைவகத்தில் எண்ணை எழுதுவது) முகவரியை அழித்துவிடுகிறது, ஆகவே பீக் செய்த எண்ணையே போக் செய்தால் தவறாகிறது, சரிசெய்யப்பட்டது. 1978 ஜூலை 27: எல்லாப் பதிப்புகளிலும் உள்ள கடுமையான பிழை ஒன்று. 1978 ஜூலை 1-இன் குறிப்பு இன்னும் சுவாரசியம். எழுத்துச் சரங்களைக் கையாளும்போது நினைவகத்தில் வேண்டாத துண்டுகள் சேரும். இடம் தீர்ந்ததும் பேசிக் அவற்றைப் பெருக்கித் தள்ள வேண்டும். தற்காலிகச் சரங்களை அது ஒருபோதும் தள்ளியதே இல்லை என்று எழுதியவரே திகைத்து, 'ஒருபோதும்' என்ற சொல்லுக்கு அடைப்புக்குள் ஆச்சரியக்குறி போட்டிருக்கிறார். இது கமடோர் சொன்ன இரண்டாவது பிழை என்றும் பதிந்திருக்கிறார். வாடிக்கையாளர் பிழைப்பட்டியல் அனுப்பினார், எண் போட்டு வைத்துத் தீர்த்தார்கள். இன்று நிறுவனங்கள் தனித் துறை வைத்துச் செய்யும் நிரலாளர் ஆதரவு, அன்று மூல நிரலின் தலைமாட்டில் எழுதிய சில வரிகளில் முடிந்தது.

அந்தப் பெருக்கும் வேலையை கமடோர் பொறியாளர் ஜான் ஃபேகன்ஸும் கேட்ஸும் 1978-இல் சேர்ந்து செய்தார்கள் என்று மைக்ரோசாஃப்டின் வெளியீட்டுக் குறிப்பு சொல்கிறது. ஃபேகன்ஸ் பெல்வியூ அலுவலகத்துக்குப் பயணம் செய்தார் என்றும் சொல்கிறது. ஆண்டில் எனக்குத் தகராறு இல்லை. திருத்தக் குறிப்புகளோடு பொருந்துகிறது. இடத்தில்தான் உடன்பாடில்லை. நிறுவனத்தின் புகழ்பெற்ற பதினொருவர் படம் 1978 டிசம்பர் 7 அன்று எடுக்கப்பட்டது ஆல்புகெர்க்கியில். பெல்வியூவுக்கு இடம்பெயர்ந்தது அதற்குப் பிறகு. ஜூலையில் வேலை நடந்தது என்றால் பாலைவன ஊரான ஆல்புகெர்க்கிதான் பொருந்தும்.

அந்தப் படத்தில் கேட்ஸ் இருக்கிறார், ஆலன் இருக்கிறார். வைலண்ட் இல்லை. லேக்சைடு பள்ளியில் அவர்களோடு சேர்ந்து கணினி கற்றவர். ஆரம்ப ஊழியர்களில் ஒருவர். உலகில் மிக அதிகமாகப் பயன்பட்ட 6502 பேசிக்கை எழுதியவர். நிறுவனத்தின் பிறப்புக் கதைக்கு முகமாகிப்போன ஒரே படத்தில் அவர் இல்லாததால், கதை சொல்பவர்களின் நினைவிலும் அவர் இல்லாமல் போனார் என்று தோன்றுகிறது. 2006-இல் அவர் காலமானார். பெருஞ்செல்வத்தை அறப்பணிகளுக்கு எழுதிவைத்திருந்தார்.

ஒளித்துவைத்த பெயர்களை ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் ஒரு மாற்றம் தெரிகிறது. கிம்மிலும் ஒஹையோ சயன்டிஃபிக்கிலும் கேட்டால் கிடைப்பவை மனிதர்களின் பெயர்கள். பெட்டில் கிடைப்பது நிறுவனத்தின் பெயர். தனியொருவரின் கையெழுத்து, சொத்துரிமை முத்திரையாக மாறியிருக்கிறது. பிறகு முத்திரையும் போயிற்று. கமடோர் 64-இன் ரோமில் சைன் அட்டவணையின் ஆறாவது கெழு முடிந்த அடுத்த பைட்டிலேயே ஆர்க்-டான் கணக்கு தொடங்கிவிடுகிறது. பத்து பைட்டுகளைத் துப்புரவாக வெட்டியிருக்கிறார்கள். 1985-இல் வந்த கமடோர் 128-இன் தொடக்கத் திரையில்தான் மைக்ரோசாஃப்டின் உரிமை அறிவிப்பு பகிரங்கமாக வருகிறது, 1977 என்ற ஆண்டோடு. நிறுவனம் திரும்பி வந்தது, வைலண்ட் வரவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இதுதான்: பெட், விக்-20, கமடோர் 64 மூன்றின் பேசிக்குக்கும் ஆசிரியர் ரிக் வைலண்ட், பில் கேட்ஸ் என்று, கிம்-1 சொல்லும் அதே வரிசையில் பதிய வேண்டும். கமடோர், வெளியிட்டவர் கட்டத்துக்கு உரியது. நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் இந்தக் கணினிகளைப் பட்டியலிடுவோர் இந்தத் திருத்தத்தைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரிபார்க்க விரும்பும் வாசகருக்கு ஒரு வார்த்தை. 'வைஸ்' என்ற இலவச எமுலேட்டரில் பெட் பகுதியைத் திறந்து, மாதிரிகளில் 3032-ஐத் தேர்ந்துகொண்டு, வெய்ட் 6502,1 என்று தட்டுங்கள். பேசிக் 4 உள்ள 4032, 8032 மாதிரிகளில் இது கிடைக்காது. முதல் ரோம் கொண்ட 2001-லும் கிடைக்காது. அதே கட்டளையை கமடோர் 64-இல் தட்டினால் அது உண்மையாகவே காத்திருக்கத் தொடங்கலாம். அப்படிச் சிக்கிக்கொண்டால் ரன்-ஸ்டாப் விசையை மட்டும் அழுத்திப் பயனில்லை, ரெஸ்டோர் விசையையும் சேர்த்துத் தட்ட வேண்டும்.